மச்சம் மாறுகிறதா?

பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் பெறும்போது அதில் அங்க அடையாளங்கள் எழுதும் இடம் ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "வலது முழங்கையில் ஒரு கறுப்பு மச்சம்", "இடது கன்னத்தில் ஒரு தழும்பு" என்பதுபோல் அங்கே எழுதப்பட்டிருக்கும். மனிதனின் உயரம் மாறும்; எடை மாறும்; முகத்தோற்றம்கூட மாறும். மச்சம் மட்டும் மாறாது என்ற நம்பிக்கையில்தான் அதை அடையாளமாகக் கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. ஆனால் மாறாதிருக்க வேண்டிய ஒன்று மாறத் தொடங்கினால் அதன் பொருள் என்ன? தோலில் தோன்றும் எந்த வளர்ச்சி சாதாரணமானது? எது புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்? இவற்றைத் தெரிந்துகொள்வோம்.

தோலின் அமைப்பு

நமது தோல் இரண்டு முக்கிய அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், அதாவது ஒரு தாளின் தடிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும். மேல்தோலில் இரத்தக் குழாய்கள் கிடையா. அதற்கு அடியில் உள்ள அடித்தோலில்தான் இரத்தக் குழாய்களும், நிணநீர்க் குழாய்களும், நரம்புகளும், மயிர்க்கால்களும் உள்ளன. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேல்தோலின் அடிவரிசையில் உள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே வந்தவை இறந்து உதிர்கின்றன. இப்பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. எத்தனை உதிர்கின்றனவோ அத்தனையே பிறக்கின்றன. இந்தக் கணக்கு ஓரிடத்தில் தவறி, பிறப்பு மிகுந்துவிட்டால் அங்கே ஒரு வளர்ச்சி தோன்றுகிறது.

அதே அடிவரிசையில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் வேறு வகை உயிரணுக்களும் உள்ளன. இவை மெலனின் என்னும் கருநிறமியை உண்டாக்குபவை. கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். உண்டாகும் நிறமியின் அளவும் வகையுமே வேறு.

கவலை தராத வளர்ச்சிகள்

நிறமி உயிரணுக்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அதுவே மச்சம். பிறந்த குழந்தையிடம் மச்சங்கள் அநேகமாக இருப்பதில்லை. பெரும்பாலானவை முதல் முப்பது ஆண்டுகளுக்குள் தோன்றுகின்றன. எனவே உங்கள் வயதில் புதிதாக ஒரு மச்சம் தோன்றினாலோ, உடல் வளர வளரப் பழைய மச்சம் சற்றுப் பெரிதானாலோ அஞ்ச வேண்டியதில்லை. பிறவியிலேயே உள்ளங்கையைவிடப் பெரிதாக அமைந்த மச்சத்தை மட்டும் மருத்துவர் அவ்வப்போது பார்த்து வருவது நல்லது.

மரு என்பது வேறு. இது ஒரு வைரஸால் உண்டாவது, சொரசொரப்பானது. சொறிவதாலும், பிறர் பயன்படுத்திய சவரக் கத்தியாலும் பரவக்கூடியது. சிறுவர்களுக்கு வரும் மருக்களில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. அம்மை வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ், நடுவில் சிறு குழியுள்ள பளபளப்பான முத்துப் போன்ற பருக்களைக் குழந்தைகளிடம் உண்டாக்குகிறது. இதுவும் காலப்போக்கில் மறைவதே.

கழுத்திலும் அக்குளிலும் சிறு காம்புடன் தொங்கும் மென்மையான சதைத் துணுக்குகளைப் பல ஊர்களில் பாலுண்ணி என்பர்; சில ஊர்களில் மருவையும் இப்பெயரால் அழைப்பதுண்டு. இத்துணுக்குகள் தீங்கற்றவை. ஆனால் திடீரென நிறையத் தோன்றினால் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டியின் கன்னத்தில் மிளகைப் பிளந்து ஒட்டியதுபோல் காணப்படும் கறுப்புப் புள்ளிகள், தோலுக்கடியில் விரலால் தள்ளினால் நழுவும் கொழுப்புக் கட்டி, காது குத்திய இடத்தில் தடித்து வளரும் தழும்பு ஆகியவையும் புற்றுநோய் அல்ல.

உயிரணு தறிகெடுவது ஏன்?

சாதாரண வளர்ச்சிக்கும் புற்றுக்கும் என்ன வேறுபாடு? மச்சம் ஓரளவு வளர்ந்து நின்றுவிடுகிறது. புற்று நிற்பதில்லை. அது அண்டையிலுள்ள திசுக்களுக்குள் புகுகிறது. இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ நுரையீரல், கல்லீரல், மூளை எனத் தொலைவிடங்களுக்கும் சென்று குடியேறுகிறது.

உயிரணு எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் அதன் டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ளன. அந்த எழுத்துகள் சிதைந்தால் கட்டுப்பாடு போய்விடுகிறது. தோலைப் பொறுத்தவரை இச்சிதைவை உண்டாக்குவதில் முதலிடம் சூரியனின் புற ஊதாக் கதிர்களுக்கே. இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது.

ஒளி, போட்டான் என்னும் சிப்பங்களாக வருகிறது. 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் அளந்த அலைநீளத்தால் வகுத்தால் ஒரு போட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 620 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளிக்கு இது 2. அலைநீளம் 310 நானோமீட்டராக உள்ள புற ஊதாக் கதிருக்கோ 4. இந்த இரண்டு மடங்கு ஆற்றல்தான் வினையாகிறது. சிவப்பு ஒளி எவ்வளவு நேரம் பட்டாலும் டி.என்.ஏ. அசையாது. புற ஊதாப் போட்டானை உறிஞ்சினாலோ, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

நல்ல வேளையாக, உயிரணுவுக்குள் பழுது பார்க்கும் நொதிகள் உள்ளன. அவை ஒட்டிய பகுதியை வெட்டி எறிந்து புதிதாக எழுதுகின்றன. இதன் அருமையை எப்படி அறிகிறோம்? பிறவியிலேயே இந்தப் பழுதுபார்ப்பு இல்லாத குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்கு வெயில் பட்ட இடங்களில் பத்து வயதுக்கு முன்பே தோல் புற்று தோன்றிவிடுகிறது. இதற்குக் காரணம் டி.என்.ஏ. பழுதுபார்ப்புக் குறையே என்று 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார்.

மெலனின் நமக்கு இயற்கை அளித்த குடை. அது புற ஊதாக் கதிர்களை வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. எனவேதான் ஆஸ்திரேலியாவில் குடியேறிய வெள்ளையரிடம் தோல் புற்று மிக அதிகமாகவும், நம்மவரிடம் குறைவாகவும் காணப்படுகிறது.

புகைக்கரியும் கணப்புச் சட்டியும்

வெயில் மட்டுமே காரணம் அன்று. 1775இல் பெர்சிவல் பாட் என்னும் லண்டன் மருத்துவர், புகைபோக்கி துப்புரவு செய்யும் தொழிலாளர்களின் விதைப்பையில் தோன்றும் ஒரு வளர்ச்சியை ஆராய்ந்தார். அவர்கள் அதைப் 'புகைக்கரி மரு' என்று கூறி அலட்சியம் செய்துவந்தனர். அது மருவன்று, புற்று என்பதையும், சிறு வயது முதல் உடலில் படிந்த புகைக்கரியே அதன் காரணம் என்பதையும் பாட் எடுத்துக்காட்டினார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் வெளிப்பட்டது இவ்வாறுதான்.

நமது காஷ்மீரில் குளிர்காலத்தில் தணல் நிரப்பிய மண்சட்டியைக் கூடையில் வைத்து அங்கிக்குள் அணைத்துக்கொள்வது வழக்கம். இதைக் காங்ரி என்பர். ஆண்டுக்கணக்கில் இதன் சூடு பட்டவர்களின் வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்று தோன்றுவதை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866இல் பதிவு செய்தார். எக்ஸ் கதிர்களின் ஆபத்தும் முதலில் தோலில்தான் தெரிந்தது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தம் கைகளையே கதிர்முன் நீட்டிச் சோதித்து வந்தார். புண் புற்றாகிக் கைகளை இழந்து, 1904இல் உயிரும் இழந்தார். அவருக்கு நேர்ந்த கேட்டைக் கண்ட எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார்.

பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண் ஏற்பட்டாலும் எச்சரிக்கை தேவை. பல ஆண்டுகளுக்குப் பின் அதில் புற்று தோன்றக்கூடும்.

கறுத்த தோலும் உள்ளங்காலும்

தோல் புற்றுகளில் முக்கியமானவை மூன்று. முதல் வகை மேல்தோலின் அடிவரிசை உயிரணுக்களில் தோன்றுவது. மெல்ல வளரும், அரிதாகவே பரவும். எலி கொறித்த புண் என்று பழைய மருத்துவர்கள் இதற்குப் பெயரிட்டனர். இரண்டாம் வகை அதற்கு மேலுள்ள உயிரணுக்களில் தோன்றுவது. புகைக்கரியாலும் காங்ரியாலும் வருவது இதுவே. மூன்றாவது, நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா. இது எண்ணிக்கையில் குறைவு. ஆனால் மிகவும் கொடியது.

'நமக்குத்தான் மெலனின் குடை இருக்கிறதே' என்று இருந்துவிடலாமா? கூடாது. கறுத்த தோலுடையவர்களுக்கு மெலனோமா வரும்போது அது பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலில், உள்ளங்கையில், அல்லது நகத்தடியில் வருகிறது. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா இருப்பது தெரிந்தது. அதற்கு முன் அது கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயம் என்றே கருதப்பட்டது. நோய் உடலெங்கும் பரவி 1981 மே 11 அன்று தம் 36ஆம் வயதில் அவர் இறந்தார்.

நம் ஊரில் வயலிலும் வீதியிலும் வெறுங்காலோடு நடக்கும் பெரியவர்கள் பலர். உள்ளங்காலில் ஒரு கறுப்புப் படை தோன்றினால் 'முள் குத்தியிருக்கும்', 'கல் பட்டுக் கன்றியிருக்கும்' என்று விட்டுவிடுவார்கள். கன்றிய இரத்தம் சில வாரங்களில் மறையும். நகத்தடியில் உள்ளதானால் நகம் வளர வளர முன்னோக்கி நகரும். மறையாததையும் நகராததையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது நம்மவரிடம் இயல்பே. ஒரே ஒரு நகத்தில் கோடு தோன்றி, அகன்று, அருகிலுள்ள தோலுக்கும் பரவினால் அது இயல்பன்று.

ஐந்து கேள்விகள்

ஒரு மச்சத்தைப் பார்க்கும்போது இக்கேள்விகளைக் கேளுங்கள்.

1. நடுவில் ஒரு கோடு கிழித்ததாகக் கொண்டால் இரு பாதிகளும் ஒத்திருக்கின்றனவா?

2. விளிம்பு தெளிவாக உள்ளதா? அல்லது சிந்திய மைபோல் ஒழுங்கின்றிப் படர்ந்திருக்கிறதா?

3. நிறம் ஒரே சீராக உள்ளதா? அல்லது கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் எனக் கலந்திருக்கிறதா?

4. குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளதா? இது ஏறத்தாழ ஒரு பென்சிலின் தடிப்பு.

5. சில வாரங்களிலோ மாதங்களிலோ வடிவம், நிறம், அளவு இவற்றில் மாறுதல் காண்கிறதா?

இவற்றுள் கடைசிக் கேள்வியே தலையாயது. இவற்றுடன், ஒரு மாதத்திற்கு மேல் ஆறாத புண், ஆறி ஆறி மீண்டும் இரத்தம் கசியும் புண், விரைந்து வளரும் முண்டு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வறிகுறி இருந்தாலே புற்றுதான் என்று பொருளில்லை. மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்பதே பொருள்.

ஏன் இந்த அவசரம்? அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் ஓர் உண்மையை வெளியிட்டார். மெலனோமாவின் ஆபத்தைத் தீர்மானிப்பதில் அதன் ஆழம் மிக முக்கியமானது. அதை நுண்நோக்கியில் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கலாம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிலைமை கடினமாகிறது. மேல்தோலில் இரத்தக் குழாய்கள் இல்லை என்று முன்பு பார்த்தோம் அல்லவா? அங்கே இருக்கும்வரை புற்றுக்குப் பயணம் செய்ய வழியில்லை. அடித்தோலை அடைந்தால் வழி திறந்துவிடுகிறது.

செய்யக் கூடாதவை

மருவுக்கும் மச்சத்துக்கும் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, எருக்கம்பால் தடவுவது, குதிரை வால் முடியால் இறுகக் கட்டுவது, அமிலத்தால் சுடுவது போன்ற வழக்கங்கள் நம்மிடையே உண்டு. இவற்றால் புண்ணும் தழும்பும் ஏற்படும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஒருவேளை அது புற்றாக இருந்தால், மேலே தெரிவது கருகிப்போகும். வேர் உள்ளே வளரும். சோதித்துப் பார்க்கச் சான்றும் இராது.

'கத்தி பட்டால் புற்று பரவும்' என்ற அச்சமும் தவறானது. மருத்துவர் முதலில் ஒளியூட்டிய உருப்பெருக்கியால் பார்ப்பார். தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்பு உள்ளிருப்பதை மறைக்கும் என்பதால், முனைவாக்கித் தகடுகளைக் கொண்டு அதை நீக்கிவிட்டு உள்ளே நோக்குவார். ஐயம் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு, வளர்ச்சியை முழுதாகவோ ஒரு துணுக்காகவோ எடுத்து நுண்நோக்கிச் சோதனைக்கு அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவுகளில் இதற்கு வசதி உண்டு.

செய்து பாருங்கள்

ஒரு குறிப்பேட்டில் மனித உருவத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் வரையுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் உங்கள் மச்சங்களின் இடத்தையும் குறுக்களவையும் அதில் குறியுங்கள். அளவுகோலை அருகில் வைத்துக் கைபேசியில் படமும் எடுத்து வைக்கலாம். பிறகு தாத்தா, பாட்டி இருவருக்கும் இதைச் செய்யுங்கள். உள்ளங்கால், விரலிடுக்கு, நகங்கள், முதுகு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். முதியவர்களால் தம் முதுகையும் உள்ளங்காலையும் தாமே பார்க்க முடியாது. கண் மங்கியவர்களுக்குச் சிறு மாறுதல் புலப்படவும் செய்யாது. மாதம் ஒருமுறை அளந்து பழைய குறிப்புடன் ஒப்பிடுங்கள்.

உங்கள் வயதில் தோல் புற்று மிக மிக அரிது. ஆகவே இது அச்சத்திற்காகச் செய்யும் சோதனையன்று. ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பாதத்தில் மறையாத ஒரு கறுப்புப் படையை நீங்கள் கண்டால் நாளை என்று தள்ளிப் போடாதீர்கள். குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.