பக்கத்து மனைக்காரரின் தண்ணீரும் உங்கள் உரிமையும்

பக்கத்தில் புதிதாக வீடு எழும்புகிறது. மொட்டைமாடி மழைநீர்க் குழாய் உங்கள் காம்பவுண்டு சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அல்லது அவர்கள் வீட்டு செப்டிக் டேங்க் கசிந்து உங்கள் கிணற்று நீர் நாறுகிறது. கேட்டால் "என் இடம், நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன்" என்கிறார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு. சிவில் சட்டத்தில்தான் இதற்குச் சரியான மருந்து இருக்கிறது.

ஒருவர் தன் நிலத்தைப் பயன்படுத்தும் விதம், அடுத்தவர் தன் நிலத்தை நிம்மதியாக அனுபவிப்பதை நியாயமற்ற அளவில் கெடுத்தால் அது 'தொல்லை'. புகை, நாற்றம், இரைச்சல், அதிர்வு, கசிவு, அஸ்திவாரத்தைப் பிளக்கும் வேர் எல்லாம் இதில் வரும். இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. தீர்ப்புகள் வழியாக வளர்ந்த தீங்கியல் சட்டம்தான் இதை ஆள்கிறது. ஒரு மருத்துவரின் சிகிச்சை அறைக்குப் பக்கத்தில் செங்கல் அரைக்கும் இயந்திரம் வைத்தார்கள். தூசி உள்ளே படிந்தது. 1982-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த இயந்திரத்துக்குத் தடை விதித்தது. ஒருநாள் கல்யாண வீட்டு மேளத்துக்கு எந்த நீதிமன்றமும் தடை தராது. எவ்வளவு, எத்தனை நாள், எந்த நேரத்தில் என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்பு அமையும்.

சில தீங்குகளில் எதிராளி கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கவே வேண்டாம். இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஆலை முதலாளி நீர்த்தேக்கம் வெட்டினார். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. 1860 டிசம்பரில் தண்ணீர் அவற்றின் வழியே இறங்கி, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. வெளியேறினால் கேடு செய்யக்கூடிய ஒன்றை, நிலத்தின் இயல்பான பயன்பாட்டுக்கு மாறாக, தன் தேவைக்காகக் கொண்டுவந்து வைப்பவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்று 1868-இல் அந்நாட்டின் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

நம் பக்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் கார்வேட்டிநகரம் ஜமீனில் ஏரிகள் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. ரயில்வே கம்பெனி ஜமீன்தார் மீது வழக்குத் தொடுத்தது. ரைலண்ட்ஸ் விதி இங்கே பொருந்தாது என்றது அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில். பழங்காலம் தொட்டு விவசாயத்துக்காக இருக்கும் ஏரிகள் அவை. அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை. கவனக்குறைவு இல்லாதபோது அவர் பொறுப்பல்ல என்று 1874-இல் முடிவானது. என் பார்வையில் இது மிகச் சரியான தீர்ப்பு. ஊருக்குச் சோறு போடும் ஏரியையும், ஒருவர் லாபத்துக்குத் தேக்கிய நீரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆபத்தான தொழிற்சாலைகளுக்கு நம் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையான விதியை வகுத்தது. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில், இத்தகைய ஆலைகள் எந்த விதிவிலக்கையும் காட்டித் தப்ப முடியாது என்று 1986-இல் நீதிமன்றம் அறிவித்தது. ஆலைக் கழிவால் உங்கள் நிலமோ கிணறோ கெட்டிருந்தால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கேட்கலாம். ஐந்து ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

விவசாயிகள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை இயல்பாகப் பள்ள நிலத்துக்கு இறங்கி வந்தால், பள்ள நிலத்துக்காரர் அதை ஏற்கத்தான் வேண்டும். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே நீரைக் குழாயிலோ வாய்க்காலிலோ திரட்டி உங்கள் நிலத்தில் கொட்ட மேட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. பக்கத்து மனையில் பேஸ்மென்ட் தோண்டி உங்கள் மண் சரிந்தாலும் இந்தச் சட்டம் துணை நிற்கும். பக்கத்து மண்ணின் தாங்குதல் உங்கள் நிலத்துக்கு இயற்கையாகவே உள்ள உரிமை. கட்டடத்தின் பாரத்துக்கும் அந்த உரிமை வேண்டுமென்றால் இருபது ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும்.

முதலில் ஆதாரம் சேருங்கள். தேதியுடன் படம், வீடியோ எடுங்கள். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். கழிவுநீர்க் கசிவென்றால் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெறுங்கள். அடுத்து வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் இழப்பீடும் கேட்டு வழக்குப் போடலாம். வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடை கிடைக்கும் வாய்ப்பு உண்டு. நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து பார்த்துத் தரும் அறிக்கை பல வழக்குகளில் பெரும் பலமாக அமைகிறது. தெருவுக்கே தொல்லை, அல்லது பாதையில் விழும் நிலையில் மரமோ சுவரோ நிற்கிறது என்றால், குற்றவியல் நடைமுறையில் புதிதாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

எவ்வளவு கோபம் வந்தாலும் கடப்பாரையை எடுக்காதீர்கள். உங்களுக்கு உரிமையுள்ள வழியையோ வாய்க்காலையோ ஒருவர் மறித்தாலும், அதை நீங்களே அகற்ற வசதியுரிமைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு அனுமதிக்கவில்லை. நீங்கள் வாதியாக நிற்க வேண்டிய வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

காலம் கடத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. தொடரும் தொல்லைக்கு வழக்குக் காலம் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து மனைக்காரர் தன் உரிமைபோல இருபது ஆண்டு தடையின்றி உங்கள் நிலத்தில் தண்ணீர் விட்டுவந்தால், அதுவே அவருக்குச் சட்ட உரிமையாகிவிடலாம். பக்கத்து வீட்டு உறவு கெடுமே என்று தயங்குகிறவர்கள், குறைந்தது உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பணமில்லை என்பதற்காக யாரும் ஒதுங்க வேண்டாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகினால், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள்.