பிசுபிசுப்பு ரப்பரா, கலப்பு ரப்பரா?

மேசைப்பந்து மட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு அது ஒரு பலகைத் துண்டும் அதன் இருபுறமும் ஒட்டிய ரப்பருமாகவே தோன்றும். ஆயினும், ஆட்டத்தின் வேகமும் சுழற்சியும் பெரும்பாலும் அந்த ரப்பரில்தான் அடங்கியிருக்கின்றன. பலகை பல ஆண்டுகள் உழைக்கும். ரப்பரையோ சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆகவே, எந்த ரப்பரை வாங்குவது என்ற வினா, ஒரே முறை எழுந்து அடங்கும் வினாவன்று. வீட்டுச் செலவுக் கணக்கில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் வினாவாகும்.

கொல்கத்தாவில், குறிப்பாகக் கிடர்பூர் போன்ற துறைமுகப் பகுதிகளில், வாழும் நம்மவர்க்கு இவ்வினா சற்றுக் கூடுதலான பொருளுடையது. வங்காளத்தில் மேசைப்பந்து செல்வாக்குப் பெற்ற விளையாட்டு. 'பாரா' என்று வங்காளியர் அழைக்கும் குடியிருப்புப் பகுதிக் கழகங்களில் கேரம் பலகைக்குப் பக்கத்தில் மேசைப்பந்து மேசையும் இடம்பெறுவதுண்டு. வீட்டில் தமிழும் வெளியில் வங்காளியும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு, அந்த மேசையே அண்டை வீட்டாரோடு சரிநிகராக நிற்கக் கிடைக்கும் முதல் இடமாகப் பல வேளைகளில் அமைகிறது. நன்றாக ஆடுவோர்க்கு இரயில்வே முதலிய நிறுவனங்களின் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெறும் வாய்ப்பும் உண்டு. இத்தகைய பிள்ளைக்குப் பொருந்தாத ரப்பரை வாங்கிக் கொடுத்தால் வீணாவது பணம் மட்டுமன்று. ஓராண்டுப் பயிற்சியும் அதனுடன் வீணாகலாம்.

இன்று கடைகளில் பெரிதும் பேசப்படுபவை இரண்டு வகைகள். ஒன்று, சீன நாட்டு மரபில் வந்த பிசுபிசுப்பு ரப்பர். மற்றொன்று, அப்பிசுபிசுப்போடு ஐரோப்பிய, ஜப்பானிய மரபின் துள்ளலையும் சேர்த்துச் செய்த கலப்பு ரப்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்களைப் பற்றி ஓர் ஐயம் எழுவது இயல்பே. 'கலப்பினம்' என்பது பயிருக்கும் கால்நடைக்கும் உரிய சொல். இங்கே 'கலப்பு' என்பதே போதும். முதல் வகையை நாம் 'பிசுபிசுப்பு' என்று இரட்டித்துச் சொல்வதுபோல வங்காளியரும் 'சொட்சொட்டே' என்று இரட்டித்தே சொல்கின்றனர். தொட்டால் விரலில் பற்றும் பொருளை இரு மொழியாரும் ஒரே வகையாகப் பெயரிட்டிருப்பது நோக்கத்தக்கது.

இவற்றின் வேறுபாட்டை உணர வேண்டுமாயின், மட்டையின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். அவ்வரலாற்றின் ஒரு திருப்பம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1952ஆம் ஆண்டு அன்றைய பம்பாயில் உலக மேசைப்பந்துப் போட்டி நடைபெற்றது. அதுவரை வீரர்கள் குமிழ் வைத்த மெல்லிய ரப்பரைக் கொண்டே ஆடிவந்தனர். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ என்பவரோ, தடித்த கடற்பஞ்சு போன்ற ரப்பரை ஒட்டிய மட்டையுடன் களமிறங்கினார். பந்து மட்டையில் படும் ஓசை எதிராளியின் செவிக்கு எட்டவில்லை. அவ்வோசையைக் கொண்டு வேகத்தை மதிப்பிட்டுப் பழகியவர்கள் திகைத்தனர். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரி வீரர் கோசியானை வென்று சாட்டோ உலகப் பட்டத்தைப் பெற்றார். அதனையடுத்து எழுந்த வாதங்களின் முடிவாக, 1959இல் சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனம் அளவு வகுத்தது. வெறும் பஞ்சு விலக்கப்பட்டது. பஞ்சின்மேல் ரப்பர்த் தோல் ஒட்டிய அடுக்கு ரப்பர், பசையுடன் சேர்த்து 4 மில்லிமீட்டர் தடிப்புக்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. இன்று நாம் வாங்கும் ரப்பர் அனைத்தும் அந்த 4 மில்லிமீட்டருக்குள் அடங்கியவையே.

1975இல் உலகப் போட்டி கல்கத்தாவுக்கு வந்தது. ஈடன் தோட்டத்தின் அருகே, கிடர்பூரிலிருந்து மைதானத்தைக் கடந்தால் அடையக்கூடிய தொலைவில், நேதாஜி உள்ளரங்கம் அப்போட்டிக்கென எழுந்தது. ஆடவர் ஒற்றையர் பட்டத்தை ஹங்கேரியின் இஸ்த்வான் ஜோனியர் வென்றார். பந்தை மேல்நோக்கித் தேய்த்து முன்சுழற்சியூட்டும் முறையில் அவர் வல்லவர். தடித்த பஞ்சும் பற்றுள்ள தோலும் சேர்ந்தால் பந்து என்னென்ன செய்யும் என்பதை இந்நகரத்தார் அன்று கண்ணாரக் கண்டனர்.

இனி ரப்பரின் அமைப்பைக் காண்போம். மேலே தோல், அதன் உட்புறத்தில் சிறு குமிழ்கள், அவற்றின் கீழே பஞ்சு. பந்து வந்து மோதும்பொழுது தோல் அதனைப் பற்றுகிறது. பஞ்சு அமுங்கி, பின் விரிந்து, பந்தைத் தள்ளுகிறது. பற்றுதல் சுழற்சிக்கும், தள்ளுதல் வேகத்துக்கும் காரணமாகின்றன. இவ்விரண்டையும் எந்த அளவில் சேர்ப்பது என்பதில்தான் ரப்பர் வகைகளின் வேறுபாடு பிறக்கிறது.

பிசுபிசுப்பு ரப்பரில் தோல் ஒட்டும் தன்மையுடையது; பஞ்சு கடினமானது. ஷாங்காயின் டபுள் ஹேப்பினஸ் நிறுவனம் செய்யும் ஹரிகேன் 3 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பந்தை அதன்மேல் வைத்து அழுத்தி மட்டையைக் கவிழ்த்தால், பந்து ஒரு கணம் ஒட்டி நிற்கக் காணலாம். இந்த ரப்பர் தானாகப் பந்தைத் துள்ளவைப்பதில்லை. ஆகவே, சர்வீஸ் போடும்போதும், வலையருகே பந்தைச் சிறிதாகத் திருப்பும்போதும் பந்து அடங்கி நிற்கும். ஓங்கி வீசினால் கனத்த சுழற்சி பிறக்கும். ஆனால், அந்த ஓங்கு வீச்சுக்கு வேண்டிய வலிமை காலிலும் இடுப்பிலும் தொடங்கித் தோள் வழியாக வரவேண்டும். கையை மட்டும் அசைத்து ஆடுவோர்க்குப் பந்து வலையைத் தாண்டாது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது இழுவிசை ரப்பர். 2008இல் வெளிவந்த பட்டர்பிளை நிறுவனத்தின் டெனர்ஜி 05 இவ்வகையில் புகழ் பெற்றது. அதன் தோலும் பஞ்சும் வில்லைப் போல் விசையுடையவை; மெல்லத் தொட்டாலும் பந்து பாயும். தடுத்தாடுவதற்கும் பின்கை வீச்சுக்கும் இது எளிது. வலையருகே பந்தை அடக்குவதுதான் கடினம்.

கலப்பு ரப்பர் இவ்விரண்டின் இடையே தோன்றியது. அதற்குக் காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் பந்தின் குறுக்களவு 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆக உயர்த்தப்பட்டது. 2008இல், ஆவியாகும் கரைப்பான் கலந்த விரைவுப் பசை தடை செய்யப்பட்டது. 2014இல் செல்லுலாய்டுப் பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்து புகுந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சுழற்சியோ வேகமோ சிறிது குறைந்தது. குறைந்ததை ஈடுசெய்ய விரும்பிய நிறுவனங்கள், ஓரளவு ஒட்டும் தோலை எடுத்து விசையுள்ள பஞ்சின்மேல் பொருத்தின. டிக்னிக்ஸ் 09சி என்பது இவ்வாறு பிறந்தவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. அதன்பின் ஜெர்மானியத் தொழிற்சாலைகளிலிருந்தும் பல கலப்பு ரப்பர்கள் வெவ்வேறு பெயர்களில் வந்துள்ளன. பிசுபிசுப்பு ரப்பரின் அடக்கத்தில் பெரும்பகுதியும், இழுவிசை ரப்பரின் துள்ளலில் ஒரு பகுதியும் இவற்றில் கிட்டுகின்றன. வீச்சு முழுமை பெறாவிடினும் பந்து வலையைக் கடந்துவிடும் என்பதே இதன் பெரும் ஆறுதல்.

அவ்வாறாயின் கலப்பு ரப்பரையே எல்லோரும் வாங்கலாமன்றோ என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் கருத வேண்டியவை நான்கு.

முதலாவது, விலை. பெயர் பெற்ற கலப்பு ரப்பர் ஒன்றின் விலைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பிசுபிசுப்பு ரப்பர் மூன்று வாங்கலாம். மட்டைக்கோ இருபுறம் உண்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை இங்கே மறத்தலாகாது.

இரண்டாவது, எடை. கடினமான பஞ்சு கனமானது. வெட்டி ஒட்டிய பின் இவ்விரு வகையிலும் ஒரு புறத்துக்கு ஏறத்தாழ 50 கிராம் ஆகும். பலகை 85 முதல் 90 கிராம் எனக் கொண்டால், மட்டை 185 முதல் 190 கிராம் வரை வந்துவிடும். மென்பஞ்சு ரப்பர்களைக் கொண்ட மட்டையோ 165 கிராமுக்கு அருகில் நிற்கும். இருபது இருபத்தைந்து கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். கை நீட்டிய நிலையில், ஒரு மணி நேரத்தில் பல நூறு முறை வீசும் பத்து வயதுச் சிறுமியின் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் அது அற்பமன்று. வலியோடு ஆடும் பிள்ளை வீச்சைக் கோணலாக்கிக் கொள்ளும். நாளடைவில் விளையாட்டையே வெறுக்கும்.

மூன்றாவது, கடினத்தைக் குறிக்கும் எண். இதில் ஏமாறுவோர் பலர். சீனர் 39 அல்லது 40 பாகை எனக் குறிக்கும் பஞ்சு, ஐரோப்பியர் அளவில் ஏறத்தாழ 50 ஆகும். ஜப்பானிய நிறுவனத்தின் அளவு வேறு. அதன்படி டெனர்ஜி 05 36 எனவும், டிக்னிக்ஸ் 09சி 44 எனவும் குறிக்கப்படுகின்றன. ஆகவே 'இது 39, அது 47. இதுவே மென்மை' என்று எண்களை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது, மைலையும் கிலோமீட்டரையும் ஒரே அளவாகக் கொள்வது போன்ற பிழையாகும்.

நான்காவது, தட்பவெப்பம். ஹூக்ளி நதிக்கரையில் வாழும் நாம் ஆனி முதல் புரட்டாசி வரை ஈரக் காற்றிலேயே மூழ்கியிருக்கிறோம். தோலின்மேல் ஈரம் மெல்லிய படலமாகப் படிந்தால் எந்த ரப்பரிலும் பந்து வழுக்கும். ஒட்டும் தன்மையை நம்பி ஆடும் ரப்பரில் இக்குறை சட்டென்று புலப்படும். போதாக்குறைக்கு, கழகத் தரையின் தூசியையெல்லாம் அது கவர்ந்துகொள்ளும். ஆட்ட இடைவேளைகளில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதும், ஆட்டம் முடிந்தபின் நீரில் நனைத்துப் பிழிந்த மென்பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, மேலே பிளாஸ்டிக் ஏடு ஒட்டி வைப்பதும் இன்றியமையாதவை. வெயில் படும் சன்னலோரத்தில் மட்டையை வைத்தல் ஆகாது. இப்பராமரிப்புக்கு இசையாதவர் பிசுபிசுப்பு ரப்பரை நாடாதிருப்பதே நன்று.

இனி முடிவுக்கு வருவோம். ஆடத் தொடங்கி ஓராண்டு நிறையாத பிள்ளைக்கு இவ்விரண்டும் வேண்டா. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானிலிருந்து வந்த ஸ்ரீவர், மார்க் 5 போன்ற நடுத்தர ரப்பர்களும், அவற்றை ஒத்த மலிவானவைகளும் போதும். வாரத்தில் நான்கைந்து நாள் பயிற்சியாளரின் கண்காணிப்பில் ஆடி, கால்களை நகர்த்தி முழு வீச்சு வீசக் கற்றுக்கொண்ட இளைஞருக்கு, முன்கைப் புறத்தில் பிசுபிசுப்பு ரப்பர் தகும். சீன வீரர் பலர் நெடுங்காலமாக முன்கையில் பிசுபிசுப்பு ரப்பரும், வீச்சுக்கு இடம் குறைந்த பின்கையில் துள்ளும் ரப்பரும் ஒட்டி ஆடிவந்துள்ளனர். அவ்வழி நமக்கும் பொருந்தும். அலுவலகம் முடிந்து வாரத்தில் இருநாள் ஆடும் நடுவயதினர், பிசுபிசுப்பு ரப்பரின் சர்வீஸ் நயத்தை விரும்பினால், கலப்பு ரப்பரில் மென்மையான ஒன்றை நாடலாம். முழு வீச்சுக்குரிய கால் வலிமை குறைந்திருக்கும் வயதில், பஞ்சு அளிக்கும் துணையைப் பெறுவதில் இழுக்கொன்றுமில்லை.

வாங்கும்பொழுது ஒன்றைச் சரிபார்த்தல் வேண்டும். சம்மேளனத்தின் ஒப்புதல் பெற்ற ரப்பரின் தோலில், கைப்பிடியை ஒட்டிய பகுதியில், சம்மேளனத்தின் முத்திரையும் எண்ணும் பதிந்திருக்கும். அவை இல்லாத ரப்பரை அதிகாரபூர்வமான போட்டியில் நடுவர் ஏற்கமாட்டார். ஒரு புறம் கறுப்பாகவும், மறுபுறம் சிவப்பு முதலிய அனுமதிக்கப்பட்ட வேறு வண்ணமாகவும் இருத்தல் வேண்டும். ரப்பரைத் துள்ளவைக்கும் எண்ணெய்களைத் தடவுவது விதிக்கு மாறானது. உலக வீரர்களின் கையில் காணும் ஹரிகேன், அவர்களுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட தனி வகை. கடையில் கிடைப்பது அதுவன்று. அவர்கள் வீச்சைக் கண்டு மயங்கி வாங்குவோர் 'ரப்பர் செத்துக் கிடக்கிறது' என்று பின்னர் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறர் வழியையே எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஹூக்ளிக் கரையிலுள்ள நைஹாட்டியைச் சேர்ந்த சுதீர்த்தா முகர்ஜி, அய்ஹிகா முகர்ஜி ஆகிய இருவரும் மட்டையின் ஒரு புறத்தில் வழக்கத்துக்கு மாறான ரப்பரை ஒட்டி ஆடுபவர்கள். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், அவர்கள் மகளிர் இரட்டையர் ஆட்டத்தில் சீனாவின் உலகச் சாம்பியன்களைக் கால் இறுதியில் வென்று வெண்கலம் பெற்றனர். தம் ஆட்டத்துக்கு ஏற்ற ரப்பரைத் தெரிந்து, அதனை ஆண்டுக்கணக்கில் பழகியதன் பயன் அது.

ஆகவே, பெற்றோர்க்கு நாம் கூறுவது இது. கடைக்குச் செல்லுமுன் பிள்ளையின் பயிற்சியாளரை ஒரு முறை கண்டு பேசுங்கள். கழகத்தில் மூத்த ஆட்டக்காரர் எவரேனும் இவ்விரு வகை ரப்பரும் வைத்திருப்பார். அவர் அனுமதியுடன் பிள்ளை ஒரு மாலை அவற்றைக் கொண்டு ஆடிப் பார்க்கட்டும். தேர்ந்தெடுத்த பின் ஆறு திங்களேனும் மாற்றாதிருங்கள். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சிக் கட்டணத்துக்கும், நழுவாத அடிப்பாகமுள்ள ஒரு நல்ல காலணிக்கும் செலவிட்டால், பிள்ளையின் ஆட்டம் அதனால் அடையும் முன்னேற்றம் எந்த ரப்பராலும் கிட்டாததாக இருக்கும்.