சாவியைக் கொடுக்குமுன்



புதிய வாகனத்தை ஆலயத்திற்குக் கொண்டுவந்து பூசை செய்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிச் செல்வது நம் வழக்கம். பழம் நசுங்கியதோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடுகிறதா?

மலேசியாவில் 17 வயதில் கார் உரிமம் பெறலாம். முதல் 2 ஆண்டுகள் 'பி' வில்லை ஒட்டி ஓட்டும் தகுதிகாண் காலம். என் மகன் உரிமம் பெற்ற வாரமே சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் மாலை, மழையில் முன்னே சென்ற லாரி சட்டென நிற்க, ஒரு முழ இடைவெளியில் அவன் உயிர் தப்பினான். பிழை என்னுடையது.

அன்று முதல் மூன்று மாதம், இரவிலும் மழையிலும், அவனருகில் அமர்ந்து சென்றேன். நான் வலியுறுத்தியது ஒன்றே: இடைவெளி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கே ஏறக்குறைய அந்த நேரம் ஆகிவிடும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

ஆகவே, முன்வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்ததும் 'ஓம் சரவணபவ' என்று நிதானமாக இருமுறை சொல்லச் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு விநாடியாவது ஆகும். அதற்குள் நம் வண்டி அக்கம்பத்தை எட்டினால் நெருக்கம் அதிகம் என்று பொருள். மழையில் நான்கு முறை சொல்ல வேண்டும்.

பெற்றோரே, நாம் கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டினால் பிள்ளைகளும் அதையே கற்பார்கள். இறைவன் துணை நிற்பான். அருகில் அமர வேண்டியவர்கள் நாமே.