இருவர் ஆடும் டோமினோ

இரவு உணவு முடிந்தபின் நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? தந்தை ஒரு மூலையிலும் மகன் மறுமூலையிலும் கைப்பேசியை நோக்கியிருக்க, ஒரே கூரையின்கீழ் வாழ்வோரிடையே பேச்சு அற்றுப் போகின்றது. மக்கள் வேலை தேடி அயலூர் சென்றுவிட்ட வீடுகளிலோ முதிய தம்பதியர் இருவர் மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். இத்தகைய வேளைக்கு ஏற்ற எளிய ஆட்டம் ஒன்று உண்டு. அதுவே டோமினோ. நால்வரும் ஆடலாம், எனினும் இருவர் ஆடும் முறையை மட்டும் இங்குக் காண்போம்.

டோமினோ சீனத்தில் தோன்றியது. 13-ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்றிலேயே இதைப் பற்றிய குறிப்பு உள்ளது. ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இது பரவலாயிற்று. பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் குளிர்காலத்தில் அணிந்த தலைமூடிக்கும் டோமினோ என்ற பெயர் உண்டு. ஆட்டத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது என்பாரும் உளர்.

ஆட்டத்திற்கு வேண்டியவை 28 காய்கள். ஒவ்வொன்றும் நீண்ட சதுர வடிவினது. நடுவே ஒரு கோடு; அதன் இருபுறமும் புள்ளிகள். ஒருபுறம் வெறுமையாகவும் இருக்கலாம். அதனைச் சுழியம் எனக் கொள்வோம். சுழியம் முதல் ஆறு வரையுள்ள எண்கள் இரண்டிரண்டாய்ச் சேரும் சேர்க்கைகள் யாவும் ஒவ்வொரு முறை இடம் பெறும். 0-0, 1-1 முதல் 6-6 வரை உள்ள ஏழும் இரட்டைக் காய்கள். விலைக்கு வாங்க இயலாதோர் தடித்த அட்டையை வெட்டிப் புள்ளியிட்டுக்கொள்ளலாம். பின்புறம் மட்டும் வேறுபாடின்றி இருத்தல் வேண்டும்.

காய்களைக் கவிழ்த்துக் கலக்குங்கள். ஆளுக்கு ஏழு காய்களை எடுத்து, எதிராளி காணாதவாறு நிறுத்திவையுங்கள். எஞ்சிய 14 காய்களும் இருப்பாகும். பெரிய இரட்டைக் காயை உடையவர் அதனை நடுவில் வைத்துத் தொடங்குவார். இருவரிடமும் இரட்டை இல்லையேல், அதிகப் புள்ளியுள்ள காயை உடையவர் தொடங்கலாம். பின்னர் இருவரும் மாறிமாறி, வரிசையின் இரு முனைகளுள் ஒன்றில் அதே எண்ணுள்ள காயைச் சேர்த்து வைத்தல் வேண்டும். இரட்டைக் காயைக் குறுக்காக வைப்பது வழக்கம். பொருந்தும் காய் கையில் இல்லாதவர், அது கிடைக்கும்வரை இருப்பிலிருந்து ஒவ்வொன்றாய் எடுப்பார். ஆனால் இருப்பின் கடைசி இரண்டு காய்களைத் தொடலாகாது. அந்நிலையில் ஆட இயலாதவர் தம் முறையை விட்டுக்கொடுப்பார்.

கையிலுள்ள காய்களை முதலில் தீர்த்தவரே வென்றவர். எதிராளியின் கையில் எஞ்சிய புள்ளிகள் அவருக்குச் சேரும். இருவராலும் ஆட இயலாதவாறு வரிசை பூட்டிக்கொண்டால், குறைந்த புள்ளிகளை உடையவர் வெல்வார். இருவர் புள்ளிகளின் வித்தியாசம் அவருக்குச் சேரும். முதலில் 100 புள்ளிகளை எட்டுபவருக்கே முழு வெற்றி.

இனி, ஆட்டத்தின் நுட்பத்திற்கு வருவோம். கனத்த காய்களையும் இரட்டைக் காய்களையும் முன்னதாகவே கழித்துவிடுதல் நன்று. சாதாரணக் காயில் இரண்டு எண்கள் இருப்பதால் அது இருவகையில் பொருந்தும். இரட்டைக் காயோ ஒரே எண்ணோடு மட்டுமே பொருந்தும்.

ஆயினும் தம் காய்களை மட்டும் நோக்கியிருப்பவர் தேர்ந்த ஆட்டக்காரர் ஆகார். முனைகளில் 4-உம் 2-உம் நிற்க, எதிராளி இருப்பிலிருந்து காய் எடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். நான்கோ இரண்டோ வந்தவுடன் அதனை ஆடிவிடுவார். இதனால் நாம் அறிவது யாது? அவர் கையில் இப்போது காய்கள் பல இருப்பினும், அவற்றுள் 4-உம் இல்லை, 2-உம் இல்லை! ஒரு சொல்லும் பேசாமலே தம் குறையை அவர் நமக்குத் தெரிவித்துவிட்டார். அடுத்த முறை முனைகளில் அவ்வெண்களையே நிறுத்தினால் அவர் மீண்டும் இடர்ப்படுவார்.

மேலும், ஒவ்வோர் எண்ணும் ஏழு காய்களில் மட்டுமே உண்டு. ஐந்துள்ள காய்களில் ஆறு மேசைமேல் வந்துவிட்டன. முனைகள் 5-உம் 3-உம். நம் கையில் 5-3, 1-0, 2-1 என மூன்று காய்கள். எதிராளியிடமும் மூன்று. 5-3 காயை மூன்றின் பக்கம் வைத்தால் இரு முனைகளும் ஐந்தாகும். ஐந்து வேறெங்கும் இல்லையாதலின் வரிசை பூட்டிக்கொள்ளும். நம் கையில் எஞ்சியவை 4 புள்ளிகளே. எதிராளியின் மூன்று காய்கள் எவ்வளவு சிறியனவாயினும் 4-க்குக் குறையா. எனவே துணிந்து பூட்டலாம். ஆனால் நம்மிடம் எஞ்சியவை 6-6, 6-4 ஆயின் 22 புள்ளிகள். பூட்டினால் இழப்பு நமக்கே நேரக்கூடும்.

அன்பு வாசகரே, எதிரில் அமர்ந்திருப்பவரிடம் எது இல்லை என்பதைக் கவனித்து அறிவதே இவ்வாட்டத்தின் உயிர். மேசையில் அதனை அறிந்து அவர் வழியை அடைக்கின்றோம். மேசையை விட்டு எழுந்தபின், அதே கண்களால் மனைவியின் சோர்வையும் மகனின் வாட்டத்தையும் முதிய தந்தையின் தனிமையையும் அறிந்து, இல்லாததை ஈடுசெய்ய முயல்வோமாக. இன்றிரவே 28 அட்டைகளை வெட்டி, வீட்டிலுள்ள ஒருவரை எதிரில் அமருமாறு அழையுங்கள்.