உத்தரவு ஒருபுறம், வாகன அணிவகுப்பு மறுபுறம்: அந்தமான் சாலை வழக்கு சொல்லும் பாடம்

புது தில்லி: மூன்று மாதங்களுக்குள் மூடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ம் ஆண்டு மே 7-ம் தேதி உத்தரவிட்ட சாலையில் இன்றளவும் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்லும் அந்தமான் பெருவழிச் சாலையே அது.

இவ்வழக்கின் வேர் தமிழகத்தில் உள்ளது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் தொடர்ந்த வழக்கு, நாட்டின் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிவடைந்தது. அந்தமான் காடுகள் குறித்த மனுவும் அதிலேயே விசாரிக்கப்பட்டது. நீதிமன்றம் நியமித்த ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்றே 2002-ல் உத்தரவு பிறந்தது.

போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகரையும் வடக்கே டிக்லிபூரையும் இச்சாலை இணைக்கிறது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து காப்புக்காட்டின் வழியே வாகனங்கள் காவலர் துணையுடன் அணியணியாக அனுப்பப்படுகின்றன. ஜாரவாக்களோ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 380 பேர் மட்டுமே. வெளியார் தொடர்பு ஏற்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1999-ல், அவர்களிடையே தட்டம்மை பரவியது.

நிர்வாகத்தின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வடக்கு, மத்திய அந்தமானில் 2011-ல் 1.05 லட்சம் பேர் வசித்தனர். தமிழர்கள் உள்ளிட்ட இம்மக்கள், ரங்கத், மாயாபந்தர் போன்ற ஊர்களிலிருந்து தலைநகர மருத்துவமனைக்கும் அரசு அலுவலகங்களுக்கும் செல்ல இச்சாலையையே நம்பியுள்ளனர்.

சட்டத்தின் ஓட்டை: காப்புக்காட்டைச் சுற்றி 5 கி.மீ. தொலைவுக்கு இடைநிலைப் பகுதியை நிர்வாகம் 2007-ல் அறிவித்தது. சுற்றுலா விடுதி நிறுவனம் ஒன்று தொடர்ந்த வழக்கில், அத்தகைய பகுதியை அறிவிக்க 1956-ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் அதிகாரம் அளிக்கப்படவில்லை என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குச் சட்டத்தில் இடமிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த ஒளிப்படக் காட்சி 2012 ஜனவரியில் வெளியாகி நாடாளுமன்றம் வரை அதிர்வலையை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் ஒழுங்குமுறை திருத்தப்பட்டு, தண்டனை கடுமையாக்கப்பட்டது. இடைநிலைப் பகுதிக்கும் சட்ட ஆதாரம் கிடைத்தது. 2013 ஜனவரி 21-ல் சுற்றுலாப் பயணிகள் இச்சாலையைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. புதிய இடைநிலைப் பகுதி அறிவிக்கை வெளியானதையடுத்து மார்ச் 5-ல் அத்தடை விலக்கப்பட்டது.

இங்குதான் கேள்வி எழுகிறது. தீர்ப்போடு நில்லாமல் அதன் நிறைவேற்றத்தையும் தொடர்ந்து கண்காணிக்கும் நடைமுறைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதே கோதவர்மன் வழக்கு. அவ்வழக்கில் பிறந்த உத்தரவே நடைமுறைக்கு வராதபோது, சாதாரண வழக்காளியின் நிலை என்ன?

சாலையை மூடு என்று சொல்வது ஒரு வரி. அதற்கு மாற்றாக நாள்தோறும் தவறாது இயங்கும் கப்பல்களும், அவசர சிகிச்சைக்கான ஏற்பாடும், மத்திய அந்தமானிலேயே தரமான மருத்துவமனையும் அமைப்பது பல ஆண்டுப் பணி. அப்பணிக்குக் கெடுவும் பொறுப்பாளரும் குறிக்கப்படாத வரை, நோயாளியின் அவசரத்தைக் காட்டிச் சுற்றுலா வாகனமும் அதே அணியில் சென்றுகொண்டிருக்கும். குடியேறிய மக்களின் தேவையும் ஜாரவாக்களின் உயிர்வாழ்வும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டுக்கும் வழி காண வேண்டிய கடமை நீதிமன்றத்தைக் காட்டிலும் அரசுக்கே மிகுதி.