டிக் விழுந்தால் கணக்கு வந்துவிட்டதா?

போன மே மாதம் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அவள் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறான். காலையில் சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்து கணக்கு புரோகிராமில் உட்கார்ந்துவிடுவான். அன்றைக்குப் பின்னம். 3/4, 3/5 இரண்டில் எது பெரியது என்று திரை கேட்டது. 3/4ஐத் தட்டினான். பச்சை டிக், ஒரு மணி ஓசை, நட்சத்திரங்கள். அடுத்து 2/7ஆ, 2/3ஆ? 2/3. அதற்கும் டிக். பத்துக்குப் பத்து வாங்கி அடுத்த படிக்குப் போய்விட்டான்.

"எப்படிடா கண்டுபிடிச்சே?" என்றேன்.

"கீழ சின்ன நம்பர் இருந்தா அதுதான் பெருசு, பெரியம்மா."

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1/4, 4/5 என்று எழுதி நீட்டினேன். கொஞ்சமும் யோசிக்காமல் 1/4 என்றான்.

மேலே உள்ள எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்வரை அவன் விதி சரியாகத்தான் வரும். அந்தப் படியில் புரோகிராம் அப்படிப்பட்ட கணக்குகளையே கொடுத்திருந்தது. அதனால் பாதி வெந்த ஒரு விதிக்குப் பத்து தடவை பாராட்டு கிடைத்துவிட்டது. அடுப்படியிலிருந்து இரண்டு தோசை எடுத்துவந்தோம். ஒன்றை நாலாகவும் இன்னொன்றை ஐந்தாகவும் வெட்டினோம். நாலில் ஒரு துண்டு ஒரு தட்டில், ஐந்தில் நாலு துண்டு இன்னொரு தட்டில். பார்த்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருபது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வகுப்பிலும் இந்தத் தப்பு வரும். ஆனால் அங்கே பிள்ளை நோட்டில் எழுதும், எழுதுவதில் தப்பு கண்ணில் படும். திரையில் விரல் தட்டுவதற்கு வழிமுறை கிடையாது, விடை மட்டும்தான். வீட்டுக்கல்வியில் அந்த விடையை வைத்தே பெற்றோர் பிள்ளையை எடைபோடுகிறார்கள், அதை வைத்தே பணமும் கட்டுகிறார்கள். இரண்டிலும் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது கம்ப்யூட்டரோடு பிறந்த பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வரும் பையனுக்குப் பென்னி என்று பெயர், வயது பன்னிரண்டு. தானே பாடத்தைப் படித்து, தேர்வு எழுதி, தேறினால் அடுத்த படி என்ற முறையில் கணக்கு கற்றவன். ஆசிரியரின் பார்வையில் நன்றாகப் படிக்கிற பிள்ளை. எர்ல்வாங்கர் உட்கார்ந்து பேசிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பின்னத்தைத் தசமமாக மாற்ற, மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் கூட்டி நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவானாம். 2/10 அவனுக்கு 1.2. 4/11 என்றாலும் 1.5, 11/4 என்றாலும் 1.5. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று அவனுக்கு உறுத்தவே இல்லை. இப்படி விதிகளைத் தானே கட்டிக்கொண்டு படிப்படியாகத் தேறிக்கொண்டே வந்திருந்தான்.

அதற்காகப் புரோகிராமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கார்த்திக் முரளிதரனும் இரண்டு சக ஆய்வாளர்களும் டெல்லியில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மைண்ட்ஸ்பார்க் என்ற கணினி நிரலைப் பயன்படுத்திய பிள்ளைகள் நாலரை மாதத்திலேயே கணக்கில் நன்றாக முன்னேறியிருந்தார்கள். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், அதற்கு உண்மையில் எது தெரியும் என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியதுதான் அந்த நிரலின் பலம். ஆனால் அங்கே ஒவ்வொரு நாளும் 45 நிமிடம் கம்ப்யூட்டர் என்றால், இன்னொரு 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்தார்கள். விளம்பரங்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. வீட்டில் அந்தப் பின்பாதி நீங்கள்தான்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. புரோகிராம் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கட்டும். பத்து கணக்கில் இரண்டையாவது முழு வழிமுறையோடு தேதி போட்டு எழுதட்டும். வாரம் ஒருமுறை, திரையில் சரியாகச் செய்த ஒரு கணக்கையே எடுத்து, "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே தடுமாறும் இடம் தெரிந்துவிடும்.

அந்த நோட்டுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. வீட்டுக்கல்வி சட்டப்படி சரியா என்று பலர் பயப்படுகிறார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், விரும்பி வீட்டில் படிக்கவைப்பவர்கள் தொடரலாம், இந்தச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்காது என்று ஒன்றிய அரசு தெரிவித்தது. அது ஒரு வழக்கில் சொன்ன நிலைப்பாடு மட்டுமே, சட்டத்தில் எழுதிய உரிமை இல்லை. ஆகவே பிள்ளை படித்ததற்கான தடயம் கையில் இருப்பது நல்லது.

நடுவில் பள்ளியில் சேர்க்க நினைத்தால் அதே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பள்ளிக்குப் போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்பது 13ஆம் பிரிவு. பத்தாம் வகுப்பை வெளியிலிருந்து எழுத, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ்., இருக்கிறது. 14 வயது நிரம்பியிருந்தால் போதும். அதற்கு முன், 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகளும் அங்கே உண்டு. என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழை நீங்கள் சேர்க்க நினைக்கும் கல்லூரியோ அலுவலகமோ ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு பேனா பிடித்து எழுதுவது. ஐந்து வருடம் தட்டியே பழகிய பிள்ளை மூன்று மணி நேரம் வழிமுறை எழுதத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பணத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு குடும்பம், பெண் ஐந்தாம் வகுப்பு வயது, வீட்டுக்கல்விதான். இலவச டெமோ என்று ஒரு இளைஞர் வந்தார். இருபது நிமிடத் தேர்வு. முடிந்ததும் "பாப்பா அடிப்படையில ரொம்ப வீக்கா இருக்காங்க சார்" என்றார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. இன்று இரவுக்குள் சேர்ந்தால்தான் தள்ளுபடி, பிடிக்காவிட்டால் பதினைந்து நாளில் முழுப் பணமும் திரும்ப வரும், மாதாமாதம் சின்னத் தவணைதான். அப்பா போனில் வந்த ஓடிபியைச் சொன்னார். அவர் மாதச் சந்தா என்று நினைத்தது, ஒரு நிதி நிறுவனத்தில் அவர் பெயரில் இரண்டு வருடக் கடன். எட்டாம் நாளே வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார். தவணை போய்க்கொண்டே இருந்தது.

இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் ஒன்றிய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பர் 23 அன்று ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. சந்தாவுக்கு ஆட்டோ டெபிட் கொடுக்காதீர்கள், நிபந்தனைகளைப் படியுங்கள், வரி ரசீது கேளுங்கள், பிள்ளையின் போட்டோ, வீடியோவைப் பகிராதீர்கள் என்று அதில் இருந்தது. எல்லாவற்றிலும் முக்கியம், ஓடிபி கேட்கும் இடத்தில் நிறுத்துவது. "இது சந்தாவா, கடனா? கடன் கொடுப்பது யார்?" என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, மொத்தச் செலவையும் வட்டியையும் காட்டும் முக்கிய விவரத் தாளை முன்னாலேயே கொடுக்க வேண்டும். அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலக ஒரு அவகாசமும் தர வேண்டும். மிகக் குறுகிய அவகாசம் அது. விற்பவர் வாயால் சொல்லும் பதினைந்து நாளை நம்பி அதைக் கோட்டை விடாதீர்கள்.

இன்னொரு வலை, இலவசச் சோதனை முடிந்ததும் தானாகப் பணம் பிடிக்கும் சந்தா. சேர ஒரு பொத்தான், விலக ஒன்பது திரை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. சந்தா வலையும், "இன்னும் பத்தே நிமிடம்" என்று போலியாக அவசரப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு. விலகும்போது ஒவ்வொரு திரையையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யூபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் யூபிஐ செயலியிலேயே ரத்து செய்யலாம்.

பணமே கொடுக்காமலும் நல்ல கருவிகள் இருக்கின்றன. கான் அகாடமி லாப நோக்கமற்றது, இலவசம், விளம்பரம் கிடையாது. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா, சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி. தமிழில் வேண்டுமானால் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் உள்ளன. அரசுப் பாடநூல்களையும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆறு மாதம் இவற்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் காசு கொடுங்கள்.

இலவசமோ காசோ, எல்லாப் புரோகிராமும் பிள்ளையைப் பற்றி ஏதோ ஒன்றை எழுதிக்கொள்கிறது: எந்தக் கணக்கில் தப்பு, எத்தனை நொடி யோசித்தது, எந்நேரம் உட்கார்ந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, இந்தக் கடமைகள் கட்டாயமாக 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நம் வேலி நாமே போட வேண்டும். பிள்ளையின் முழுப் பெயர் வேண்டாம், செல்லப் பெயர் போதும். கணக்குப் புரோகிராமுக்கு உங்கள் காண்டாக்ட் பட்டியலோ மைக்கோ எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். போன் பேச்சு கணக்கில் வராது. கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்தினால் அபராதம் ஏறும், அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் சிபில் புள்ளி இறங்கும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எங்கள் தெருக் குடும்பத்துக்கு நானும் கூட இருந்து கடிதம் எழுதிக் கொடுத்தேன். "பதினைந்து நாளில் பணம் திரும்ப வரும்" என்று அந்த இளைஞர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு, அழிக்காமல் இருந்தது. அதைச் சேர்த்து அனுப்பி, 1915இலும் பதிவு செய்தார்கள். மூன்றாவது மாதம் கடன் மூடியதற்கான கடிதம் வந்தது. பாடத்தோடு நிறுவனம் கொடுத்திருந்த டேப்லெட்டைத் திருப்பி அனுப்பிய கூரியர் ரசீதோடு அந்தக் கடிதத்தையும், பெண்ணின் கணக்கு நோட்டுகள் இருக்கிற அதே கோப்பில் வைத்திருக்கிறார்கள்.