இடமறிந்து படியெடுத்தல்

ஓலையில் ஏடெழுதியோர், ஓலை நிறைந்ததும் எழுத்தாணியை நிறுத்தி மற்றோர் ஓலையை எடுப்பர். கணினிக்கு அவ்வாறு இடம் பார்க்கும் கண் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய ‘சி’ மொழியில், ‘ஸ்ட்ரிங் காப்பி’ என்னும் கட்டளை ஒரு சொல்லை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படியெடுக்கும். சொல்லின் முடிவைக் காட்டும் பூச்சியக் குறியைக் காணும்வரை அது நில்லாது. சேருமிடம் சிறிதாயின், அடுத்திருப்பதை அழித்துக்கொண்டு செல்லும்.

இது சிறு குற்றமன்று. 1988 நவம்பரில் ‘மோரிஸ் புழு’ எனப்பட்ட நிரல், இவ்வாறே எல்லை பாராது வாசிக்கும் ஒரு கட்டளையின் வழியாக, 512 பைற்று கொள்ளும் இடத்தில் மிகுதியைத் திணித்து, பல கணினிகளுட் புகுந்தது.

தமிழருக்கு இவ்விடயத்தில் விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது ஐந்தெழுத்து; முடிவுக்குறியுடன் 6 பைற்று போதும். தமிழில் ‘கண்டி’ மூன்றெழுத்தே. ஆயினும் யுனிகோட் முறையில் ககரம், ணகரம், புள்ளி, டகரம், இகரக் குறி என ஐந்து குறிகள் உள. இன்று பெருவழக்கான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைற்று. முடிவுக்குறியுடன் 16 வேண்டும். ‘பேராதனை’க்கோ 22.

அளவு கூறிப் படியெடுக்கும் ‘ஸ்ட்ரிங் என் காப்பி’ கட்டளை எல்லையைக் கடவாது. ஆனால் இடம் முற்றும் நிறைந்தால் முடிவுக்குறியை இடாது. அதை நாமே இட்டாலும் குறை தீராது. 13 பைற்று இடத்தில் ‘கண்டி’ ‘கண்ட’ ஆகும். 10 பைற்றில் ஊர் போய்க் ‘கண்’ மட்டும் எஞ்சும். 12 பைற்றிலோ ஓரெழுத்து நடுவே உடையும். கணினி நின்றுவிட்டால் யாரேனும் திருத்துவர். சான்றிதழில் ஒருவர் பெயர் குறைந்து அச்சாகிவிட்டால், அலைச்சல் அவருக்கே.

ஆகவே மாணவர்க்கு நாம் வற்புறுத்துவது இது: எழுத்தை எண்ணாதீர், பைற்றை எண்ணுக, முடிவுக்குறிக்கு ஒன்றைக் கூட்டுக. 1999ஆம் ஆண்டின் ‘சி’ தரத்திலுள்ள ‘எஸ்என் பிரிண்ட்எஃப்’ கட்டளை, முழுச்சொல்லுக்கு வேண்டிய அளவை, முடிவுக்குறி நீங்கலாக, விடையாகத் தரும். அவ்விடையை ஒப்பிட்டு, இடம் போதாதெனின் இடத்தைப் பெருக்குக, பெயரைக் குறைக்கற்க.